கிழியும் இடம் பார்த்து வாங்குங்கள்: உள்ளாடைக்கும் அன்றாட உடைக்கும் ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் அலமாரியைக் காலி செய்தபோது 11 ஜட்டிகளைக் கழிக்க வேண்டியிருந்தது. தூக்கிப் போடும் முன் சும்மா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். அவற்றில் எட்டின் துணியில் ஒரு பொத்தல்கூட இல்லை. எலாஸ்டிக்தான் போயிருந்தது. இடுப்புப் பட்டை அலை அலையாகச் சுருண்டு, இழுத்தால் இழுத்தபடியே நின்றது. மற்ற மூன்றில் தொடை ஓரத் தையல் பிரிந்து, துணி பிசிறிக்கொண்டு வந்தது. நல்ல பருத்தியா நல்ல பருத்தியா என்று தடவித் தடவி வாங்கியவன் நான். கடைசியில் பருத்தி நன்றாகவே இருந்தது, வேறெல்லாம் போய்விட்டது.

சுற்றுச்சூழலுக்கு நல்ல உடை எது என்று கேட்டால் பலரும் இழையின் பெயரைச் சொல்வார்கள். இயற்கைப் பருத்தி, மூங்கில், மறுசுழற்சி பாலியெஸ்டர் என்று. ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகிற இயற்கைப் பருத்தியைவிட ஆறு வருடம் உழைக்கிற சாதாரணத் துணி மேல் என்பது என் கட்சி. அதனால் இந்த வழிகாட்டி இழையில் தொடங்கவில்லை, உடை எங்கே போகிறது என்பதில் தொடங்குகிறது.

1. பழையதை விரித்துப் பாருங்கள்

கழிக்க வைத்திருக்கும் உடைகளைத் தரையில் பரப்புங்கள். உள்தொடை உரசி நைந்திருக்கிறதா, அக்குள் மஞ்சளாகி விறைத்திருக்கிறதா, காலர் மடிப்பு பிய்ந்திருக்கிறதா, பாக்கெட் மூலை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு உடை பார்ப்பதற்குள் உங்கள் உடம்பு துணியை எங்கே தின்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு வலது முழங்கை. மேசையில் ஊன்றிக்கொண்டே உட்காரும் ஆள் என்பது சட்டைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர் இருந்தார். உழைப்பாளிகளின் கால்சட்டையில் துணி கெட்டியாக இருக்கும்போதே பாக்கெட் மூலைகள் பிய்ந்துகொண்டு வந்தன. அவர் துணியை மாற்றவில்லை. பிய்கிற இடங்களில் மட்டும் செப்பு ரிவெட் அடித்தார். தனக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைய ஜீன்ஸ் அங்கிருந்துதான் வந்தது. நீங்கள் தாளில் குறிப்பதும் அந்தக் கணக்குதான்.

2. எது புதிதாக, எது பழையதாக

ஒருவர் போட்ட ஜட்டியை இன்னொருவர் வாங்குவதில் சுத்தம்தான் சிக்கல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அருவருப்பு இருந்தால் அது அவரவர் விருப்பம், வாதாட ஒன்றுமில்லை. ஆனால் 60 டிகிரித் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் சுத்தம் பெரும்பாலும் தீர்ந்த விஷயம். தீராதது எலாஸ்டிக்கின் வயது. எனவே ஜட்டி, சாக்ஸ், நீச்சல் உடை, உடலை இறுக்கும் விளையாட்டு உடை ஆகிய நான்கையும் புதிதாக வாங்குங்கள். சீட்டு பிரிக்காத, யாரும் போடாத பழைய சரக்கு கிடைத்தால் எடுக்கலாம். அப்போதும் பட்டையை இழுத்துப் பார்த்துத்தான். ரப்பர் எலாஸ்டிக் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும்.

ப்ரா இடையில் நிற்கிறது. அளவு சரியில்லை என்று இரண்டு தடவை போட்டுவிட்டு ஒதுக்கியவை நிறைய வரும். முதுகுப் பட்டை நன்றாக மீண்டால் தாராளமாக வாங்கலாம்.

சட்டை, ஜீன்ஸ், கம்பளி, ஜாக்கெட், பாவாடை போன்றவற்றில் பழையதே எனக்குப் பிடித்தது. சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயம் போயிருக்கும், கோணலாகத் தைத்திருந்தால் அதற்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். புதிய துணி மறைத்து வைக்கிற குறைகளைப் பழைய துணி வெளியே காட்டிவிடுகிறது.

3. எலாஸ்டிக்கைப் பத்து நொடி சோதியுங்கள்

உள்ளாடையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். இழுபடும் இழைக்குப் பொதுப் பெயர் எலாஸ்டேன், சிலர் ஸ்பேண்டெக்ஸ் என்பார்கள். 1958இல் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. லைக்ரா என்பது அந்தக் கம்பெனி வைத்த வணிகப் பெயர். தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுபட்டு மறுபடி பழைய நீளத்துக்கு வரக்கூடியது. அதற்கு ஆகாதவை அதிகச் சூடு, குளோரின் ப்ளீச், நாள் கணக்கில் படும் வெயில்.

பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். பத்து எண்ணுங்கள். விடுங்கள். உடனே தட்டையாகத் திரும்பினால் நல்லது. சோம்பேறித்தனமாக மெல்லத் திரும்பினாலோ ஓரம் அலை பாய்ந்தாலோ வைத்துவிடுங்கள். இன்னொரு முறை இழுக்கும்போது காதருகே கொண்டுபோங்கள். நொறநொறவென்று சத்தம் கேட்டால் உள்ளே ரப்பர் இற்றுவிட்டது. பிறகு இழுத்தபடியே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தையல் ஓடும் வரிசையில் வெள்ளை முடி போல ரப்பர் நுனிகள் எட்டிப் பார்த்தால், தைக்கும்போதே ஊசி எலாஸ்டிக்கை வெட்டியிருக்கிறது. புதிய உடையிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஆறு ஜட்டி கொண்ட ஒரு கட்டு வாங்கினேன். ஆறிலும் மீசை. மூன்றாம் மாதத்தில் நடக்கும்போது ஒரு கை பாக்கெட்டுக்குள்ளிருந்து பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பட்டை வைக்கும் முறை மூன்று. எலாஸ்டிக் வெளியே தெரியும்படி துணி மேல் நேராக அடித்தது ஒன்று. எலாஸ்டிக்கைத் துணியால் மூடி, துணியோடு சேர்த்துத் தைத்தது இன்னொன்று. இதில் வியர்வையும் உரசலும் எலாஸ்டிக்குக்கு நேராகப் போகாது, தோலிலும் தடம் பதியாது. மூன்றாவது, துணியை மடித்துக் குழாய் போலத் தைத்து அதற்குள் எலாஸ்டிக்கைத் தனியாக ஓடவிட்டது. நெய்த துணியில் வரும் பாக்ஸர், இரவு உடை, லேசான கால்சட்டை இவற்றில் கிடைக்கும். தளர்ந்தால் இரண்டு அங்குலம் தையலைப் பிரித்து, புது எலாஸ்டிக்கின் நுனியில் ஊக்கு குத்தி உள்ளே ஓட்டி மறுபடி தைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. கிடைக்கும் இடத்திலெல்லாம் நான் இதைத்தான் எடுக்கிறேன். உள்ளே நாடாவும் கோத்திருந்தால் எலாஸ்டிக் போனாலும் மானம் போகாது.

துணியில் எவ்வளவு எலாஸ்டேன் இருக்கலாம்? அன்றாட ஜட்டிக்கும் பனியனுக்கும் 5 சதவீதம் போதும். ஜீன்ஸுக்கு அதிகபட்சம் 2 வரை பொறுத்துக்கொள்வேன். சதவீதம் ஏற ஏற முதல் நாள் சுகம் அதிகம், ஆனால் எலாஸ்டேன் தளர்ந்ததும் முழங்காலும் பின்புறமும் பை போலத் தொங்கும்.

4. இழையும் நூலும்

பருத்தியில் எல்லாப் பருத்தியும் ஒன்றல்ல. சாதாரணப் பஞ்சின் இழை நீளம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பிமா, கீசா, சுவின் போன்ற மிக நீள இழைப் பஞ்சு 34 மில்லிமீட்டரைத் தாண்டும். இழை நீளமாக இருந்தால் நூலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் குறைவு. நுனி குறைந்தால் உரசலில் உருண்டை கட்டுவதும் குறையும். சீட்டில் கோம்டு என்று போட்டிருந்தால் குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல் என்று பொருள். நீள இழைப் பஞ்சு கிடைக்காவிட்டாலும் கோம்டு நூலாவது பாருங்கள்.

பருத்திக்கு ஒரு நல்ல குணம், நனைந்தால் வலு கூடும். மரக்கூழிலிருந்து ரசாயன முறையில் எடுக்கும் விஸ்கோஸ் இதற்கு நேர் எதிர். நனைந்தால் பாதி வலு வரை இழக்கும். அடிக்கடி துவைக்கும் ஜட்டிக்கு முழு விஸ்கோஸ் நான் வாங்குவதில்லை. அதே மரக்கூழ் இனத்தில் மோடல் கொஞ்சம் தேவலை. அதே இனத்து லையோசெல் நனைந்தாலும் நன்றாகத் தாங்கும், அதைத் தயாரிக்கும்போது கூழைக் கரைக்கும் கரைப்பானை ஏறக்குறைய முழுதாகத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

மூங்கில் துணி என்று விற்பவற்றில் மிகப் பெரும்பகுதி மூங்கில் கூழிலிருந்து ரசாயன முறையில் எடுத்த விஸ்கோஸ்தான். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009இலேயே, விஸ்கோஸை மூங்கில் என்று எழுதி விற்ற சில கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. மென்மையாக இருக்கும் என்பது உண்மை. சீட்டின் முன்பக்கத்தில் இலை படம் பார்த்து மயங்காமல், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

பாலியெஸ்டர் தேய்மானத்துக்கு அசையாது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் 0.4 சதவீதம் அளவுக்குத்தான் பிடிக்கும், பருத்தி 8 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். அதோடு உடம்பின் எண்ணெயை பாலியெஸ்டர் பிடித்து வைத்துக்கொள்வதால் நாற்றம் துவைத்தாலும் முழுதாகப் போகாது. துவைக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளையும் தண்ணீரில் விடுகிறது. தோலோடு ஒட்டும் உடைக்கு வேண்டாம். சாக்ஸின் குதிகாலில் நைலான் கலந்திருப்பதோ, ஜாக்கெட் பாலியெஸ்டராக இருப்பதோ எனக்கு ஆட்சேபம் இல்லை. கலப்பு என்றாலே மட்டம் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

5. துணியைக் கையில் எடுத்தால்

பின்னல் துணிக்கு ஜிஎஸ்எம் என்று ஒரு கணக்கு உண்டு, ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். டி-ஷர்ட்டில் 140க்குக் கீழே என்றால் மெல்லிசு, 160 முதல் 180 நடுத்தரம், 200க்கு மேல் கனம். கூகுளில் மாதிரி உடையின் படம் பார்த்து இது தெரியாது, விவரக்குறிப்பில் எழுதாத கடையிடம் கேளுங்கள். ஜீன்ஸுக்கு அவுன்ஸ் கணக்கு, ஒரு சதுர கஜத் துணியின் எடை. 12 முதல் 14 அவுன்ஸ் துணி சரியாக உழைக்கும்.

எண் தெரியாவிட்டால் விரல்களை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் மெல்லிசு. அங்கங்கே மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நூல் சீராக இல்லை, மெலிந்த இடத்தில்தான் முதல் பொத்தல் விழும். அடுத்து, உள்பக்கத் துணியை அதன் மேலேயே வைத்து இருபது தடவை தேயுங்கள். அதற்குள் பஞ்சு எழும்பினால் பத்துத் துவைப்பில் உருண்டை கட்டும்.

டி-ஷர்ட்டை இரு தோளையும் பிடித்துத் தூக்குங்கள். பக்கத் தையல் நேராக இடுப்புக்கு இறங்க வேண்டும். முன்பக்கம் நோக்கிச் சாய்ந்து வந்தால் நூல் முறுக்கிலோ துணி வெட்டியதிலோ கோளாறு. துவைக்கத் துவைக்க அது உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும், இஸ்திரி போட்டும் பயனில்லை.

6. உள்ளே திருப்பிப் பாருங்கள்

கடையில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும், உடையை உள்பக்கம் திருப்புங்கள். தையலுக்கு இருபுறமும் துணியைப் பிடித்து எதிரெதிரே இழுங்கள். இடைவெளி விட்டு நூல் ஏணிப்படி போலத் தெரிந்தால் தையல் தளர்வு. சட்டையில் ஒரு அங்குலத்துக்குள் 12 தையலாவது இருக்கட்டும். வெட்டிய ஓரம் ஓவர்லாக் அடித்ததா, மடித்துத் தைத்ததா, வெறுமனே விட்டதா என்று பாருங்கள். ஜீன்ஸின் உள்கால் தையலும் நல்ல சட்டையின் பக்கத் தையலும் துணியை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரண்டு வரியாக அடித்திருக்கும். அது சுலபத்தில் பிரியாது.

ஜட்டியில் பார்க்க வேண்டியது கவட்டுப் பகுதி. அங்கே துணி இரண்டு அடுக்காக இருக்க வேண்டும், உள் அடுக்கு பருத்தியாக இருக்க வேண்டும். நாலு தையல் ஒரே புள்ளியில் வந்து கூடினால் நடக்கும்போது அங்கேதான் உரசும், அங்கேதான் முதலில் பிரியும். தையல் தட்டையாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவுங்கள். தொடை உரசி நைகிறவர்கள் கால் நீளமுள்ள ட்ரங்க் வகைக்கு மாறினால் ஜட்டியும் பிழைக்கும், கால்சட்டையும் பிழைக்கும்.

பட்டன் தளர்வாக இருந்தால் கவலை வேண்டாம், தைத்துக்கொள்ளலாம். காஜா பிரிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள், உலோகமாக இருந்தால் நல்லது.

7. அளவு

இறுக்கமான உடை சீக்கிரம் போகும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் தையல்தான் இழுபடுகிறது. புதிய பருத்திப் பின்னல் துணி முதல் சில துவைப்புகளில் 5 சதவீதம் சுருங்குவது சகஜம், அதற்கு இடம் வைத்து வாங்குங்கள். ப்ராவில் மட்டும் கணக்கு மாறும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வாக மாட்டும்போதே பட்டை சரியாகப் பிடிக்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்குப் போகலாம். முதல் நாளே உள்கொக்கியில் மாட்டினால் அதன் ஆயுளில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

8. பழைய துணிக் குவியலின் முன்

முதலில் மூக்கு. பூஞ்சை வாடை, சிகரெட் வாடை இரண்டும் பிடிவாதமானவை. பாலியெஸ்டர் அக்குளில் வியர்வை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு ஒளி. என் பெரிய ஏமாற்றம் இதில்தான். வெளியே பார்க்கப் புதிது போல இருந்த ஒரு ஜீன்ஸை ஆசையாக வாங்கிவந்தேன். இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபோது பின்புறம் நெடுகக் கிழிந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் கவட்டிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வலை போலத் தெரிகிறது. நீல நூல் எல்லாம் தேய்ந்து, குறுக்கே ஓடும் வெள்ளை நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதிலிருந்து கவட்டை வெளிச்சத்தில் பார்க்காமல் எந்தக் கால்சட்டையும் வாங்குவதில்லை. தடவினாலும் தெரியும். மற்ற இடம் சொரசொரப்பாகவும் அந்த இடம் மட்டும் வழவழப்பாகவும் இருக்கும்.

சட்டையில் காலரின் மடிப்பு ஓரம், கஃப் ஓரம், அக்குள். மஞ்சள் கறை பழசாகி விறைத்திருந்தால் துணியும் அங்கே வலுவிழந்திருக்கும். கம்பளியில் பூச்சி அரித்த ஊசிமுனைப் பொத்தல். ஓரத்தில் பிரிந்த தையல், விழுந்த பட்டன், நீளமான கால் இதெல்லாம் குறையே அல்ல. அவற்றுக்காக மற்றவர்கள் ஒதுக்கியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரிக்குள் வைக்காதீர்கள். சீட்டு அனுமதிக்கும் சூட்டில் துவையுங்கள். சொறிச் சிரங்கு உண்ணி மனித உடம்பை விட்டால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது, கட்டிவைத்த பையில் ஒரு வாரம் விட்டால் தீரும். மூட்டைப் பூச்சி அப்படியல்ல. அது மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கும். அதற்கு 60 டிகிரித் துவைப்போ, உலர்த்தும் இயந்திரத்தின் முழுச் சூடோதான் மருந்து. கம்பளி போலச் சூடு ஆகாததை மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் உறையவைக்கலாம்.

9. முத்திரைகள் என்ன சொல்கின்றன

புதிதாக வாங்கும்போது இரண்டு முத்திரைகள் அடிக்கடி கண்ணில் படும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது 1992இல் வந்தது. கையிலிருக்கும் உடையில் தீங்கான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதித்துத் தருவது. தோலில் நேராகப் படும் உடைக்கு வரம்பு இன்னும் கடுமை. ஆனால் பருத்தி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது. இயற்கை வேளாண் துணிக்கான காட்ஸ் (GOTS) முத்திரை அதைச் சொல்லும். இயற்கை வேளாண் இழை 70 சதவீதமாவது இருக்க வேண்டும், ஆர்கானிக் என்றே எழுதினால் 95. சாயம் போடுவது, கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாம் அதன் விதிகளில் வரும். இரண்டுமே தையல் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதில்லை. அதற்கு உங்கள் கைதான் முத்திரை.

10. ஒன்று வாங்கி, பத்து முறை துவைத்து, அப்புறம் மொத்தமாக

உள்ளாடையைக் கட்டாக வாங்கும் ஆசையை அடக்குங்கள். ஒன்றே ஒன்று வாங்கி, வாரம் இரண்டு முறை போட்டு, பத்துத் துவைப்பு முடிந்ததும் மூன்றாம் படியின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தேறினால் அதே வகையில் தேவையானதை வாங்கி, மாற்றி மாற்றிப் போடுங்கள். ப்ராவுக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

துவைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எலாஸ்டேன் உள்ளதற்கு வெதுவெதுப்பான நீர் போதும். ப்ளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். திரவம் இழை மேல் படிந்து பருத்தி ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஜட்டி, பனியனை உள்பக்கம் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை முழுவதும் எலாஸ்டிக்கை இழுக்கும், கொடியின் குறுக்கே மடித்துப் போடுங்கள். தையல் ஒரு அங்குலம் பிரிந்த அன்றே ஊசி எடுத்தால் பத்து நிமிடம், ஒரு மாதம் கழித்து என்றால் துணியே பிசிறிப் போயிருக்கும்.

அந்த 11 ஜட்டிகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எலாஸ்டிக் போன எட்டில் இரண்டுக்கு மட்டும் குழாய்ப் பட்டை இருந்தது. அவற்றுக்குப் புது எலாஸ்டிக் ஓட்டினேன், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற ஆறும் பட்டை வெட்டப்பட்டு ஷூ துடைக்கும் துணியாகிவிட்டன. தேயாத நல்ல பருத்தி, நன்றாகத் துடைக்கிறது.